மதிப்பெண் வேண்டாம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாலைநேர வகுப்பில் சேரும்போது சில இடங்களில் ஒரு கேள்வி கேட்பார்கள். ஏ, பி என்று தரம் போட்டுத் தர வேண்டுமா, தேறினார் என்று மட்டும் எழுதினால் போதுமா, அல்லது ஒன்றுமே வேண்டாமா? கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தபோது நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டாம் வகுப்பு மார்க், கட்-ஆஃப் என்று தசமப் புள்ளிக்குப் பின்னாலும் எண்ணி வளர்ந்தவள் நான். 'மதிப்பெண் வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிடக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏட்டி, பகல் பூரா ஆபீஸ்ல கெடந்துட்டு ராத்திரி என்ன படிப்பு? முடிச்சா சம்பளம் ஏறுமா?"

"ஏறாதும்மா."

"டிகிரியாவது குடுப்பானா?"

"அதுவும் கெடையாது."

"அப்ப எதுக்கு?"

இந்தக் கேள்வியைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்கள் நிறைந்த தெருவில், எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றுபோனவள் அம்மா. என்னைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்க நகையை அடகு வைத்தாள். அந்த டிகிரி எங்களுக்குத் தெருவை மாற்றியது, ஊரை மாற்றியது, கடைசியில் நாட்டையும் மாற்றியது. இன்று கலிஃபோர்னியாவில் சிப்களைச் சோதிக்கும் வேலையில் நான் உட்கார்ந்திருப்பதற்கு அந்தக் காகிதம்தான் காரணம். அப்படிப்பட்டவள் 'டிகிரியில் என்ன இருக்கிறது' என்று பேசினால், மேலே ஏறியதும் ஏணியை எட்டி உதைக்கிற கதைதான்.

எழுத்துக்கான டிகிரியையும் அப்படித் தள்ளிவிட முடியாது. கதையையும் கவிதையையுமே மேற்பட்டத்துக்கான ஆய்வேடாக ஏற்றுக்கொள்வோம் என்று அயோவா பல்கலைக்கழகம் 1922இல் அறிவித்தது. 1936இல் அங்கே எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் எம்.ஏ. வகுப்பைத் தொடங்கினார்கள், முதல் ஆண்டில் சேர்ந்தவர் இயன் மெக்யூவன். அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ.தான் இந்தத் துறையின் இறுதிப் பட்டமாக மதிக்கப்படுகிறது. கல்லூரியில் எழுத்து கற்பிக்கப் போகிறவர்களுக்கு அது வேண்டும். நல்ல இடத்தில் கிடைத்தால் கட்டணமும் இல்லை, கைச்செலவுக்குப் பணமும் தருவார்கள். அதாவது, எழுதுவதற்கென்றே இரண்டு மூன்று வருடம். இருபத்தைந்து வயதில் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், போய்ச் சேர் என்றுதான் சொல்வேன்.

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக் கடன் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தரப் பிள்ளை இருக்கிறான். இரண்டு வருடம் எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டுப் போக வழியில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே பல்கலைக்கழகங்கள் வேறொன்றை வைத்திருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை, ஏறக்குறைய பத்து வாரம், சில நூறு டாலர் கட்டணம். நுழைவுத் தேர்வில்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை, முடிவில் பட்டமும் இல்லை. இது டிகிரியில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதா, அல்லது தன்னளவில் வேறொரு பொருளா? அம்மாவின் 'எதுக்கு' என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது இங்கேதான்.

பட்டம் வாங்காத மாணவர்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு வகுப்பு. கவிஞர் ராபர்ட் லோவெல் நடத்திய கவிதை வகுப்பு அது. 1958 செப்டம்பரில் அங்கே ஆன் செக்ஸ்டன் வந்து சேர்ந்தார். முப்பதை நெருங்கும் குடும்பத்தலைவி. இரண்டு பெண் குழந்தைகள். கல்லூரிப் பட்டம் கிடையாது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, எழுதிப் பாருங்கள் என்று மருத்துவர் தூண்டியதில் கவிதைக்கு வந்தவர். தொலைக்காட்சியில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் சானெட் வடிவத்தை விளக்கியதைப் பார்த்து, தானும் எழுதிப் பார்த்தார். 1957இல் பாஸ்டன் முதியோர் கல்வி மையத்தில் ஜான் ஹோம்ஸ் நடத்திய கவிதைப் பட்டறைக்குப் போனார். தனியாகப் போகப் பயந்து ஒரு தோழியைத் துணைக்கு அழைத்துப்போனார் என்பார்கள். கவிஞர் மாக்ஸின் குமினை அங்கேதான் சந்தித்தார். பிறகு இருவரும் தொலைபேசியிலேயே ஒருவருக்கொருவர் கவிதைகளை வாசித்துத் திருத்திக்கொண்டார்கள்.

1959இன் தொடக்கத்தில் லோவெல் வகுப்புக்கு இன்னொரு பெண் வந்தார். சில்வியா ப்ளாத். அவரிடம் ஸ்மித் கல்லூரிப் பட்டம் இருந்தது, கேம்பிரிட்ஜ் பட்டமும் இருந்தது. ஸ்மித்தில் ஒரு வருடம் கற்பித்துவிட்டு அந்த வேலையை விட்டு வந்திருந்தார். பதிவு பெற்ற மாணவியாக இல்லாமல், கேட்டுவிட்டுப் போகிறவராக உட்கார்ந்தார். இரண்டு பட்டம் உள்ளவரும் ஒரு பட்டமும் இல்லாதவரும் ஒரே மேசையில். வகுப்பு முடிந்ததும் இருவரும் இன்னொரு கவிஞரோடு ரிட்ஸ் ஹோட்டலுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். தன் வாழ்வையே கவிதைக்குள் கொண்டுவரும் செக்ஸ்டனின் துணிச்சல் தன்னைத் தொட்டதைப் பின்னாளில் ப்ளாத்தே சொல்லியிருக்கிறார். அதிகம் படித்தவர், படிக்காதவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். மதிப்பெண் பட்டியலில் இதை எந்தப் பத்தியில் போடுவது?

செக்ஸ்டனின் முதல் தொகுப்பு 1960இல் வந்தது. 1967இல் புலிட்சர் பரிசு. 1972இல் அதே பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டால் இனிப்பாக இருக்கும். ஆனால் 1963இல் ப்ளாத்தும் 1974இல் செக்ஸ்டனும் தற்கொலை செய்துகொண்டார்கள். எழுத்து வகுப்பை மனநோய்க்கு மருந்தாகச் சிபாரிசு செய்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வகுப்பு அவர்களுக்குக் கவிதை கொடுத்தது. உயிரைக் காப்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பும் இதே வகை. 'ஸ்டோரி' இதழின் ஆசிரியர் விட் பர்னெட் அங்கே சிறுகதை வகுப்பு எடுத்தார். கல்லூரிகளில் சேர்வதும் விடுவதுமாக இருந்த ஜே. டி. சாலிஞ்சர் 1939இல் அதில் சேர்ந்தார். முதல் பருவம் முழுக்கப் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பருவம் திரும்பவும் அதே வகுப்பில் சேர்ந்தார். அவருடைய முதல் கதை 1940இல் 'ஸ்டோரி'யில் வந்தது. சன்மானம் 25 டாலர். பர்னெட் ஒரு மாலை ஃபாக்னரின் கதையை வகுப்பில் வாசித்ததைச் சாலிஞ்சர் வெகுகாலம் கழித்து நினைவுகூர்ந்திருக்கிறார். பர்னெட் நடித்துக் காட்டவில்லை, குரலால் கதைக்கு மெருகேற்றவில்லை. எழுதியவருக்கும் கேட்பவருக்கும் குறுக்கே வராமல் வாசித்தார். சாலிஞ்சருக்கு முன்பே கார்சன் மெக்கல்லர்ஸும் நியூயார்க்கில் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டு இரவு வகுப்புகளுக்குப் போனார். அவருடைய முதல் கதையும் 1936 டிசம்பரில் 'ஸ்டோரி'யில்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 19.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே எனக்கு ஓர் உறுத்தல். பர்னெட்டின் வகுப்பில் சாலிஞ்சர் மட்டுமா உட்கார்ந்திருந்தார்? பருவத்துக்குப் பருவம் எத்தனையோ பேர் காசு கட்டி, வேலை முடிந்து ரயில் பிடித்து வந்து, கதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் படிப்புக்கும் விளம்பரம் எழுதிவிடலாம். நான் சேர வேண்டிய வரிசை அந்தப் பெயர் தெரியாதவர்களின் வரிசை. அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்ல முடிந்தால்தான் 'எதுக்கு' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகும்.

பட்டறை நடக்கும் முறை எளிது. ஒரு வாரம் முன்னதாகவே கதையை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, தனியாக ஒரு பக்கம் கடிதமும் எழுதிக்கொண்டு வருவார்கள். உங்கள் கதையைப் பற்றிப் பேசும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது. 'நான் சொல்ல வந்தது அதில்லை' என்று குறுக்கே விழ முடியாது. சொல்ல வந்தது தாளில் இருக்கிறதா இல்லையா என்பதே பேச்சு.

நம் வீடுகளில் கதையைக் காட்டினால் இரண்டு பதில்தான் கிடைக்கும். 'நல்லாருக்கு' என்பது ஒன்று. 'இது நம்ம அத்த கததான, அவ படிச்சா என்ன நெனைப்பா?' என்பது மற்றொன்று. இரண்டிலும் அன்பு இருக்கிறது, வாசிப்பு இல்லை. வகுப்பில் இருந்தவர்களுக்கு என்மேல் அன்பு காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர், வேலை போன இளைஞன் ஒருவன், பேரப்பிள்ளைகளுக்காகத் தன் கதையை எழுதிவைக்க வந்த பெரியவர் ஒருவர். என் அத்தையை அவர்களுக்குத் தெரியாது, என் ஊரும் தெரியாது. தாளில் இருப்பது மட்டுமே தெரியும். இப்படிப்பட்ட வாசகர்கள் முன்பின் தெரியாத ஒருத்தியின் கதைக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு வருவார்கள் என்பதே எனக்கு நம்பமுடியாததாக இருந்தது.

நான் கொண்டுபோன கதையில் கணவன் இறந்தபின் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்ட அத்தை ஒருத்தி வருகிறாள். 'இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும்? அதற்காக இவள் ஏன் ஒன்றுமே செய்யவில்லை? வீட்டைவிட்டுக் கிளம்பினால் கதை நகருமே' என்று பேச்சு வந்தது. பாத்திரத்துக்கு ஓர் ஆசை இருக்க வேண்டும், அதற்கொரு தடை இருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் பாலபாடம். நர்ஸ் மட்டும் வேறு மாதிரிப் பேசினார். இந்த வீட்டில் யார் எத்தனை தோசை சாப்பிட்டார்கள் என்று இவளுக்குத் தெரிகிறது, இவள் சாப்பிட்டாளா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கதை அங்கேதான் இருக்கிறது, அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க விடுங்கள் என்றார். முதல் யோசனையை நான் விட்டுவிட்டேன். இரண்டாவதை எடுத்துக்கொண்டு திரும்ப எழுதினேன். அத்தை கடைசிவரை தம்பி வீட்டில்தான் இருக்கிறாள்.

மதிப்பெண் வேண்டாம் என்று குறியிட்டதற்கு உண்மையான பயன் அப்போதுதான் தெரிந்தது. பட்டத்துக்குப் படிப்பவர் ஆசிரியரின் ரசனையைக் கொஞ்சமாவது கணக்கில் வைக்க வேண்டும். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். எனக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. கேட்டுக்கொள்ளலாம், மறுக்கலாம். பட்டறை விதிகள் வானத்திலிருந்து இறங்கியவை இல்லை, அவை ஒரு பண்பாட்டின் பழக்கங்கள் என்று எழுத்தாளர் மேத்யூ சாலெஸஸ் 2021இல் வெளியான தன் நூலில் விரிவாக வாதிட்டிருக்கிறார். எழுதியவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்ற விதியையும் அவர் கேள்வி கேட்கிறார். வேறொரு மண்ணின் கதையோடு போகிறவர்களுக்கு அந்த வாதம் சட்டென்று புரியும்.

செக்ஸ்டனுக்கும் இந்தச் சோதனை வந்தது. மனநல மருத்துவமனை அனுபவத்தைப் பற்றிய கவிதைகளை வெளியிட வேண்டாம் என்று ஹோம்ஸ் அவருக்கு அறிவுரை சொன்னார். முதல் ஆசிரியர், நல்லெண்ணம் கொண்டவர். செக்ஸ்டன் அந்த அறிவுரைக்குப் பதிலாக ஒரு கவிதையே எழுதி, அதையும் தன் முதல் தொகுப்பிலேயே சேர்த்தார். ஹோம்ஸிடமிருந்து பெற வேண்டிய பயிற்சியைப் பெற்றுக்கொண்டார், விட வேண்டிய பயத்தை விட்டுவிட்டார். அவர் கையெழுத்தை நம்பி எந்தச் சான்றிதழும் காத்திருக்கவில்லை. ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மதிப்பெண்ணுக்குப் பயப்பட வேண்டாம் என்றானதும் எதையுமே காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடலாம். பத்து வாரமும் ஒரே கதையை ஒரு வரி மாறாமல் கொண்டுவருகிறவர்களும் உண்டு. கேட்கவும் வேண்டும், மறுக்கவும் வேண்டும். எதைக் கேட்பது, எதை மறுப்பது என்பதை ஒவ்வொரு முறையும் தானே முடிவு செய்ய வேண்டும். பட்டப்படிப்பில் பாதி முடிவுகளை வேறு யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

என் கதை மேசைக்கு வருவது பருவத்தில் ஓரிரு முறைதான். மற்ற வாரங்களில் எல்லாம் பிறர் கதைகளைப் படித்துக் கடிதம் எழுதும் வேலை. சேரும்போது இதை ஒரு வரியாகத்தான் நினைத்தேன். இப்போது யோசித்தால் படிப்பில் பெரும்பகுதி இதுதான். அச்சான புத்தகத்தில் எல்லாம் சரியாக அமைந்த பின்புதான் நாம் உள்ளே நுழைகிறோம். புதுமைப்பித்தனைப் படித்து வியக்கலாம். ஆனால் எந்த இடத்தில் தடுமாறி எப்படி எழுந்தார் என்று அச்சுப் பிரதி காட்டாது. பக்கத்து இருக்கைக்காரரின் கரட்டுப் பிரதி காட்டும். மூன்றாம் பக்கத்தில் என் கவனம் ஏன் விலகிப்போனது? அந்த இளைஞன் அப்பாவைப் பற்றி எழுதும்போது மட்டும் வாக்கியங்கள் ஏன் நீண்டுவிடுகின்றன? இதை அவர் மனம் நோகாமல், பொய்யும் சொல்லாமல் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு என் பக்கத்தையும் அதே கண்ணால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அம்மா போனில் ஊர்ச் சங்கதி சொல்லும்போதுகூட, எங்கே தொடங்குகிறாள், எதை வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறாள் என்று காது கவனிக்கிறது. அவள் நல்ல கதைசொல்லி என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது.

பர்னெட்டின் வகுப்பில் இருந்த பெயர் தெரியாதவர்களுக்கும் இதுதான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பிறர் எழுதியதைக் கூர்ந்து படிக்கும் பழக்கம். தன்னுடையதைக் கூச்சமில்லாமல் பார்க்கும் கண். அதைக் கொண்டு அவர்கள் புத்தகம் எழுதாமல் போயிருக்கலாம். கடிதம் எழுதியிருப்பார்கள், பிள்ளைகளுக்குக் கதை சொல்லியிருப்பார்கள், அடுத்த மாதம் வந்த 'ஸ்டோரி' இதழை முன்பைவிட நன்றாகப் படித்திருப்பார்கள். நல்ல இதழுக்கு நல்ல வாசகர்கள் எங்கிருந்தோ வந்துதானே ஆக வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் எழுத்து என்று வரும்போது டிகிரியை ஓரமாக வைத்துவிடுவதுண்டு. ஸ்டான்போர்டில் வாலஸ் ஸ்டெக்னர் 1946இல் தொடங்கிய எழுத்துத் திட்டத்தில் இன்று அவர் பெயரிலேயே ஒரு நல்கை இருக்கிறது. இரண்டு வருடம் பணம் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். சேர எந்தப் பட்டமும் தேவையில்லை. முடித்தாலும் பட்டம் கிடையாது. எழுதிய பக்கங்களைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அயோவாவில் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டமும் பட்டம் தருவதில்லை. அசோகமித்திரன் 1973இல் அங்கே போய்த் தங்கினார். திரும்பி வந்தபின் நமக்குக் கிடைத்தது 'ஒற்றன்' நாவல்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923இல் அங்கே பிறந்தவர்கள், ஒருவருக்கொருவர் வாசகராக இருந்து வளர்ந்தவர்கள். கி.ரா. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. "கி.ரா. என்ன டிகிரி வாங்குனாரும்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "அவருக்குக் கூட ஒக்காந்து பேச அழகிரிசாமி இருந்தாருல்லா, ஒனக்கு அங்கன யாரு இருக்கா?" என்றாள். நான் பக்கம் பக்கமாக யோசித்த பதிலை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். சேர்ந்து உட்கார ஆள் இல்லாத ஊரில், அப்படிப்பட்ட ஆட்களைத் தேடித்தான் காசு கொடுக்கிறேன்.

இந்த வழியில் ஒரு பள்ளமும் இருக்கிறது. டிகிரிக்கு முடிவு உண்டு. அங்கி போட்டு, தொப்பி வைத்து, போய்வா என்று வாசல்வரை வந்து அனுப்பிவிடுவார்கள். இங்கே அனுப்புவதற்கு ஆள் இல்லை. ஒரு பருவம் முடிந்தால் அடுத்த பருவத்துக்கான பட்டியல் வந்துவிடும்: சிறுகதை, நினைவோடை, நாவல் தொடக்கம், உரையாடல் எழுதுவது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். வகுப்பு கெடு வைத்தால்தான் எழுதுவது, கெடு இல்லாத மாதங்களில் பேனாவைத் தொடாமல் இருப்பது என்றாகிவிட்டால், எழுதுவதற்காகச் சேர்ந்த வகுப்பே எழுதாமல் இருப்பதற்கான சாக்காகிவிடும். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வது மரியாதையான பதில். நம் சமூகத்தில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

எப்போது வெளியேறுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. கதையை அனுப்புவதற்கு முன்பே, எந்த இடத்தில் நர்ஸ் நிறுத்துவார், எந்த வரியை வக்கீல் அலுவலகக்காரர் அடிப்பார், பெரியவர் எங்கே சிரிப்பார் என்று எழுதும்போதே தெரிந்துவிட்டால் அந்த வகுப்பு முடிந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். திரும்பவும் காசு கட்டி வெளியே தேட வேண்டியதில்லை. அதற்குமேலும் எனக்குத் தெரியாத ஒன்று வேண்டுமென்றால், தெரியாத மனிதர்கள் இருக்கும் வேறு அறையாகப் பார்க்க வேண்டும்.

சேர்வதற்கும் இதுபோல ஓர் அளவுகோல் உண்டு. பணம் இருக்கிறதா, வாரத்தில் ஒரு மாலை இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எழுதிய பத்துப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நன்றாக இருக்க வேண்டியதில்லை, இருந்தால் போதும். அந்தப் பத்துப் பக்கத்தை யாரும் சொல்லாமல் எழுதியிருக்க வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு அடுத்த பத்துப் பக்கத்தையும் யாரும் கேட்காமலே எழுத வேண்டும். இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் பல்கலைக்கழகம் விற்கிறது. காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள்தான் அது.